எட்டு இலக்கத்தில் நின்ற ஆட்டம்

வெயில் ஏற ஏற, டயர் கம்பெனியில் ரப்பர் வேகும் நெடி ஒரகடத்தில் நாங்கள் குடியிருந்த ‘லைன் வூட்டின்’ கூரை வழியே இறங்கி, கொடியில் கிடக்கும் துணிவரை ஒட்டிக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் கம்பெனி பஸ் ஏறிப் போனபின், “தாப்பா போட்டுக்கோ, யார் கூப்ட்டாலும் தொறக்காத” என்ற அம்மாவின் சொல்லோடு நான் தனியே இருப்பேன். எட்டாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டு மெர்சிக்கு மட்டும்தான் எங்கள் கதவு திறந்தது.

எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. ஒருத்தி ஓர் இலக்கம் எழுதுவாள், மற்றவள் அதன் வலப்பக்கம் இன்னொன்று சேர்ப்பாள். ஒவ்வொரு முறையும் வருவது பகா எண்ணாக, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாததாக இருக்க வேண்டும். வகுபட்டால் சேர்த்தவள் ‘அவுட்’. பெரும்பாலும் மூன்று இலக்கத்திலேயே முடிந்துவிடும். ஒருநாள் மெர்சி 7 எழுத, நான் 3 சேர்க்க, 739, 7393 என்று வளர்ந்து, அவள் 9 சேர்த்த 73939-ம் எதாலும் வகுபட்டு உடையவில்லை. “இன்னாடி இது, சாவவே மாட்டேங்குது!” என்று குதித்தாள். அந்த வாரமே அவள் அப்பாவின் காண்ட்ராக்ட் வேலை முடிந்து, ‘குட்டியானை’ வண்டியில் சாமான் ஏற்றி வாலாஜாபாத்துக்குக் குடிபோனார்கள்.

மீதி ஆட்டத்தை நானே இருவராகவும் ஆடினேன். என் முறைக்கு 1, அவள் முறைக்கு 3, மறுபடி எனக்கு 3. அப்பாவின் கால்குலேட்டரில் ஒவ்வொரு எண்ணாக வகுத்து வகுத்து, 73939133 உடையாது என்று உறுதி செய்ய மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த இலக்கம் மெர்சியுடையது. இரட்டைப்படையும் 5-ம் ஆகவே ஆகாது. 1-ம் 7-ம் சேர்த்தால் மூன்றால் வகுபட்டது. 3-ஐயோ 9-ஐயோ சேர்த்து வகுத்துப் பார்க்க, எட்டு இலக்கமே கொள்ளும் அந்தக் கால்குலேட்டரில் இடமில்லை. அவளே வந்து எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அம்மாவைக் கெஞ்சி மெர்சி வீட்டுக்குப் போனேன். புதுத் தோழிகளோடு ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தவளிடம் நோட்டை நீட்டினேன்.

“உன் சான்ஸ்தான் மெர்சி.”

“இன்னும் இத்தயே புட்சிகினு கீறியாடி?” என்று சிரித்தாள், கேலியாகக்கூட இல்லை. “நான் அவுட்டுன்னே வெச்சிக்கோ.” மட்டையோடு ஓடிவிட்டாள்.

“வா, பஸ் பூடும்” என்றார் அம்மா.

இன்று வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு லாரி நிறுத்துகிறார்கள். அந்தப் பழைய எண்ணோடு 3-ஐயும் 9-ஐயும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், இரண்டுமே உடைந்தன. வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாலும் பகா எண்ணாகவே நிற்கும் எண்களில் எங்கள் 73939133-தான் ஆகப்பெரியதாம். அதோடு சேர்க்க எதுவுமில்லை. மெர்சி எதை எழுதியிருந்தாலும் ‘அவுட்’தான். அவள் இப்போது எங்கே என்று தெரியவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள்.