அறுபத்து மூன்று முறை பிடிபட்ட மீன்

மீன்பிடிப்பதற்கென்றே ஒரு டிவி சேனல், அதுவும் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அதை ஆரம்பித்தவர் தூண்டில் வியாபாரி. கடையில் தூண்டில்கள் தூசி படிந்து கிடந்தன. ஜனங்களுக்கு ஆசை காட்டினால் விற்கும் என்று மனக்கோட்டை கட்டி, பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே ஒலிப்பதிவு நிற்கும். முதல் மாதம் கையில் இருந்தது நாலே மணி நேரப் படம். அதையே நாளுக்கு ஆறு முறை போட்டார்கள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அங்கே முதல் நாளிலிருந்து படத்தை வெட்டி ஒட்டுகிறவர் கத்திரி. வேறு பெயர் ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டோடு சரி. பத்தொன்பது வருடத்தில் அவர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. ஆனால் மீன்பிடிப்பதில் உள்ள பெரிய ரகசியம் அவருக்குத்தான் தெரியும்: அங்கே ஒன்றுமே நடப்பதில்லை. நிகழ்ச்சியை நடத்தும் மீசைக்காரர் ஏழு மணி நேரம் கரையில் உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, கொசு அடித்து, ஒரு தடவை நாற்காலியோடு கவிழ்ந்து எழுந்து வருவார். அதை இருபத்திரண்டு நிமிட வீரதீரமாக ஆக்குவது கத்திரியின் வேலை. காத்திருப்பை எல்லாம் கழித்துக் கட்டிவிடுவார்.

"வீட்டுலயும் அப்படித்தான். நான் பேசுறதுல முக்கால்வாசிய மனசுக்குள்ளயே வெட்டிடுவாரு" என்பாள் அவர் மனைவி. அதையும் அவர் பாதிதான் கேட்டிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், மீசைக்காரருக்குப் பல நாள் மீனே மாட்டாது. முதல் வருடம் மாட்டிய கொழுத்த மீன் ஒன்றின் காட்சி, பன்னிரண்டு விநாடி, கத்திரியிடம் இருந்தது. ஒரு நாள் அவசரத்துக்கு அதையே எடுத்து ஒட்டினார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. குளிர்விட்டுப் போயிற்று. அப்புறம் இடம் வலமாகத் திருப்பினார், நிறத்தை மாற்றினார், மழைகூடப் பெய்ய வைத்தார். அந்த ஒரே மீன் ஏரியில் மாட்டியது, ஆற்றில் மாட்டியது, வெட்கமில்லாமல் கடலிலும் மாட்டியது.

கண்டுபிடித்தவர் ஒரு தையற்காரம்மா. கடையில் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, மீன் சேனலைப் பார்த்துக்கொண்டே தைப்பவர். வாலின் மேல்முனையில் ஒரு சின்னத் துண்டு இல்லை என்பது துணி வெட்டும் அந்தக் கண்ணில் பட்டுவிட்டது. அளவு நோட்டின் பின்பக்கத்தில் தேதி வாரியாகக் குறித்து வைத்து, அறுபத்து மூன்று முறை ஆனதும் கேபிள் நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

நிறுவனம் ஒரே வரியில் பதில் சொன்னது: மாதக் கடைசிக்குள் புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெறாவிட்டால் சேனல் நீக்கப்படும். ஒன்பது பேரின் பிழைப்பு ஒரு அம்மாவின் கையெழுத்தில் தொங்கியது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது, மீன்னு சொன்னாங்க, நான் இழுத்தேன்" என்று மீசைக்காரர் கையைக் கழுவிக்கொண்டார். முதலாளி தையற்காரம்மாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்.

"ஒரே ஒரு புது மீன காட்டுங்க, வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் அந்த அம்மா. "வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, நேரலையில காட்டணும். வெட்டின மனுஷனே வந்து பிடிக்கட்டும்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கத்திரி ஏரிக்கரையில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு அவர் விரல் தன்னையறியாமல் தொடையைத் தட்டியது. படத்தை ஓட்டிவிடும் பொத்தான் அங்கே இல்லை. பன்னிரண்டு மணிக்கு இரண்டு கொட்டாவி. ஒரு மணிக்குக் கொசு. பத்தொன்பது வருடமாகக் குப்பையில் போட்டதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்து அவர் தலையில் விழுந்தது. மீசைக்காரர் மேல் முதல் முறையாக அவருக்கு இரக்கம் வந்தது.

மூன்றரை மணிக்கு, "பேட்டரி மாத்திக்கறேன் சார், ஒரு நிமிஷம்" என்றார் கேமராக்காரர். திரையில் 'சற்றுப் பொறுங்கள்' அட்டை வந்தது. அந்த நேரம் பார்த்துத் தூண்டில் வளைந்தது.

கத்திரி அலறிக்கொண்டு இழுத்தார், முழங்கால் வரை தண்ணீரில் இறங்கினார், இரண்டு கையாலும் அள்ளினார். உள்ளங்கை நீளம்தான், ஆனால் உயிருள்ள மீன்! அது அவர் கையில் துடித்தது. அவருக்கும் நெஞ்சு அப்படியே துடித்தது. கேமரா உயிர்பெற்ற அதே கணம் மீன் வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. உலகம் பார்த்ததெல்லாம் வெறுங்கையோடு நனைந்து நிற்கும் ஒரு மனிதரைத்தான்.

காதுக் கருவியில் முதலாளி குசுகுசுத்தார்: "கத்திரி, பழசு ரெடியா இருக்கு. போட்டுடவா?"

"போட்டீங்கன்னா நான் இப்படியே ஏரிக்குள்ள போயிடுவேன் சார்."

அவர் கேமராவைப் பார்த்தார். "ஒண்ணு மாட்டுச்சு. கை நழுவிப் போயிடுச்சு. நீங்க யாரும் பார்க்கல. அவ்வளவுதான்." மூக்கைச் சொறிந்தார்.

முதலாளியிடம் எண் வாங்கி யாரோ கூப்பிட, கேமராக்காரரின் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். தையற்காரம்மா.

"வால் எப்படி இருந்துச்சு?"

"முழுசா இருந்துச்சும்மா."

தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது, நின்றது. "இன்னைக்குச் சத்தம் வெச்சே காலையிலேருந்து பார்க்கறேன். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டாரு. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். ஆனா அந்தப் பழைய மீன விட்டுடுங்க, பாவம்."

மறுநாள் கத்திரி முதல் வருடத்து நாடாவைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு விநாடிக்குப் பிறகு இருந்ததை அவர் ஒரு முறைகூடச் சேர்த்ததில்லை. அப்போது மீசையே முளைக்காத மீசைக்காரர் குனிந்து, மீனைத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கிவிடுகிறார். துண்டு போன வால் ஒரு தரம் அசைந்து மறைகிறது. கத்திரி அதை வெட்டாமல், ஒட்டாமல், முழுசாக ஒளிபரப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது.

"பார்த்தேன்" என்றார் தையற்காரம்மா. "இத நான் கணக்குல சேர்க்கல."