ஹம்ட்ரம் என்ற சொல்லும் அப்பாவின் காதும்

இந்த ஊரில், "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பவர்கள் பதிலுக்காக நிற்பதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசை மார்கரெட் மட்டும் நிற்பார். ஒரு திங்கட்கிழமை நானே அவரைக் கேட்டேன். "ஹம்ட்ரம்" என்றார். எந்தக் குழுவில் ட்ரம் வாசிக்கிறீர்கள் என்று ஆர்வமாகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பியது.

அகராதியைப் பார்த்தேன். நேற்றும் இன்றும் ஒன்றாகவே போகிற சலிப்பு என்று பொருள். ஹம் என்றால் ரீங்காரம், உர்ரென்ற சத்தம். ட்ரம் மேளம்கூட இல்லையாம். ஓசைக்கு ஓசை துணையாக ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்கிறார்கள். நாம் வேலை கீலை என்கிறோமே, அந்தக் கீலை மாதிரி.

அந்த உர்ர் எனக்குத் தெரியும். காட்டுப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போய் இருபத்தாறு வருடம் பிரஸ் மெஷினில் தகடு அடித்தார் அப்பா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "நாளைக்கும் அதே வேலதான் கீது" என்று அவர் சொன்னால் அம்மாவின் முகம் தெளியும். ஆர்டர் இல்லை, மெஷின் ஓடவில்லை என்றால்தான் வீட்டில் பேச்சு நின்றுபோகும். மார்கரெட்டின் சலிப்பு எங்களுக்கு நிம்மதி. ஆனால் அந்தச் சத்தம் அப்பாவின் காதுகளைத் தின்றுவிட்டது.

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தெவசத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். போன வாரம் விடுப்பு கிடையாது என்றுவிட்டார்கள். எழுதி அனுப்பினால் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன்.

"லீவு கெடைக்கலப்பா."

"கெடச்சிடுச்சா! ஷோக்காக்கீது நைனா!"

"இல்லப்பா, கெடைக்கல!"

"ஆங், ஆங். எத்தினி நாளு?"

கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் குரல் தானாக இறங்கிவிட்டது. அதற்குள் அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"பாய்! பையன் வரான் பாய்! அவங்கம்மா தெவசத்துக்கு!"

"மெய்யாலுமா அண்ணாத்தே? வரட்டும், மறுநாள் பிரியாணி நம்ம ஊட்லதான்!"

இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். அப்பா போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே ஓடினார். திரையில் எதிர்ச் சுவர் தெரிந்தது. சுவரில் மாலை போட்ட அம்மாவின் படம். திரையின் கீழ் மூலையில், சிறு கட்டத்துக்குள், என் முகம். அந்த வீட்டில் அப்போது நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.