படிவத்தில் எழுதாத பூனை

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரேஷன் கார்டு முதல் நெசவாளர் சங்க மனு வரை எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அப்பாவின் வலது அக்குளில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. கூடவே விடாத காய்ச்சல். நூல் சுற்றிய நாடாவைத் தறியில் குறுக்கே வீசும் கை அது. உள்ளூர் மருத்துவர் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வரிசையில் நின்றபடியே படிவத்தை ஆங்கிலத்தில் மளமளவென்று நிரப்பினேன். வீட்டில் செல்லப்பிராணி உண்டா என்ற கேள்விக்கு, அப்பாவிடம் கேட்காமலே, இல்லை என்று எழுதினேன்.

பொய் சொல்லும் எண்ணமில்லை. எங்கள் தெருவில் தறி இருக்கும் வீட்டிலெல்லாம் பூனையும் இருக்கும். தறியில் பூட்டிய பட்டு இழைகளை எலி கடித்தால் பல நாள் உழைப்பு போய்விடும். அதனால் பூனையை யாரும் விரட்டமாட்டார்கள். அதற்குப் பெயர் கிடையாது, தனித் தட்டு கிடையாது. தறிச் சாமான்களில் அதுவும் ஒன்று. செல்லப்பிராணி என்றதும் என் நினைவுக்கு வந்தது, தோழி வீட்டுச் சோபாவில் தூங்கும் வெள்ளை நாய்தான்.

படிவத்தைப் படித்த டாக்டர், காசநோயாக இருக்கலாம், கட்டியை அறுத்து எடுத்துச் சோதிப்போம் என்றார். அப்பா ஒன்றுதான் கேட்டார்: கை முன்போல வீச வருமா? நாளாகலாம், தோள் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அறுவைக்குத் தேதி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அறுவைக்கு முந்தைய நாள் ஒரு பெண் டாக்டர் அப்பாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். புறங்கையில் ஆறிப்போன கோடுகள். இது எப்படி வந்தது என்றார்.

“தறிக்குழியில பூனை குட்டிங்களோட படுத்துக்கினு இருந்துச்சுமா. கால் வைக்கணுமே, தூக்கி வெளியில வுட்டேன். ஒரு குட்டி பிறாண்டிடுச்சு.”

அவர் படிவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காது சுட்டது.

அறுவையைத் தள்ளிவைத்து ரத்தம் எடுத்தார்கள். பூனைக் கீறல் வழியாக ஒரு கிருமி உள்ளே போயிருந்தால், அதோடு போராட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கும். அதைத் தேடுகிறோம் என்றார் அந்த டாக்டர். அந்தச் சோதனை அங்கே இல்லாததால் ரத்தம் வெளியூருக்குப் போனது. பத்து நாள் காத்திருந்தோம். தறி ஓடவில்லை. பூனை மட்டும் வழக்கம்போல வந்து போனது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

எதிர்ப்பொருள் நிறையவே இருந்தது. சில நாள் மாத்திரை. ஓரிரு மாதத்தில் கட்டி தானே வற்றியது. கையில் கத்தி படவில்லை.

மறுபடி தறியில் உட்காரும் முன் அப்பா அந்த அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

“இதுல பூனைன்னு எங்க எழுதி இருக்குதும்மா?”

தேடினேன். கிருமியின் நீளமான பெயரும் எண்களும்தான் இருந்தன. பூனை இல்லையே என்றேன்.

“அப்போ அவங்களும் எழுதாம வுட்டுட்டாங்க” என்று சொல்லிவிட்டு, குழிக்குள் குனிந்து ஒருமுறை பார்த்த பிறகே காலை இறக்கினார்.