நம்ம ஆள் கஸ்பார்

கஸ்பாரின் முன்பற்கள் எங்கே போயின என்று ஏரிக்கரைக் கடைக்காரர்களிடம் கேட்டால், நான் முந்தி நீ முந்தி என்று சொல்வார்கள். பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில், கூலி உயர்வு கேட்டு லாரிக்குக் குறுக்கே படுத்தவர் அவர். முதலாளியின் ஆட்கள் தூக்கிப் போட்டு மிதித்தார்கள். பல்லும் போனது, ஜெயிலும் கிடைத்தது.

வெளியே வந்தவர் ஏரிக்கரையில் சங்கம் வைத்தார். சோளம் சுட்டு விற்கிற கித்தேரியம்மாள்தான் முதல் உறுப்பினர். மறியல் என்று கஸ்பார் ஜெயிலுக்குள் போனபோதெல்லாம், அவர் வீட்டு உலை இவள் சோளக் காசில்தான் கொதித்தது.

பிறகு தேர்தலில் நின்றார், ஜெயித்தார், அடுத்த முறை தோற்றார். தோற்றவரை அரசாங்கம் விடவில்லை. ஏதோ ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக்கி நாற்காலி கொடுத்தது. குதிரைக்காரர்கள் முரண்டு பிடித்தாலும் சரி, டாக்ஸி ஸ்டாண்டில் அடிதடி என்றாலும் சரி, அதிகாரிகள் அவரைத்தான் அனுப்பினார்கள். போய், தோளில் கைபோட்டு, ஆளைக் கரைத்துவிட்டு வருவார். கித்தேரியம்மாளுக்கு அதில் பெருமைதான். ஆபீசுக்குள் நம்ம ஆள் இருக்கிறானே.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடையை எடுத்துவிட்டுப் போகும்போது அவரவர் இடத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் கல் வைப்பார்கள். கல் இருக்கிற இடத்தில் அடுத்தவர் கால் வைக்க மாட்டார். இடச் சண்டையை ஒழிக்க அதைக் கொண்டுவந்ததே கஸ்பார்தான்.

டூரிஸ்ட் சீசன் தொடங்குகிற நேரத்தில் ஒருநாள் காலையில் வெள்ளனே வந்தார்.

"அக்கா, மந்திரி வர்றாரு. ரெண்டு நாளைக்குக் கடைய எடுத்துக்கிருங்க. கல்லு வச்சுட்டுப் போங்க, ஒருத்தனும் தொட மாட்டான்."

பக்கத்தில் ஸ்வெட்டர் விற்கிற சேக் பரீது இழுத்தார். "எழுதிக் கிழுதித் தருவாங்களா தோழரே?"

"ஏலே பரீது, நம்ம ஆளுகிட்டயே பத்திரம் கேப்பியா? வெரசா மூட்டையக் கட்டு" என்று அவர் வாயை அடைத்தவள் கித்தேரியம்மாள்தான். அவள் சொன்னதால்தான் மற்றவர்களும் எழுந்தார்கள்.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால் கரை நெடுக இரும்பு வேலி. உள்ளே யாரோ காண்ட்ராக்டரின் வாடகை சைக்கிள்கள். அவர்கள் வைத்த கற்கள் குப்பை வண்டியில் கிடந்தன. வேலிக்கு முன்னால் கஸ்பார், சிரித்த முகமாக.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒங்களுக்கு எடம் கேட்டு வாங்கியிருக்கேன்க்கா. கூரையெல்லாம் போட்டுத் தருவாங்க."

"பஸ்ஸப் பிடிக்க ஓடுறவனா நின்னு சோளம் திம்பான்?"

"உள்ள இருந்து பேசுனதாலதான் அதாவது கெடச்சுச்சு. நான் அங்க நம்ம ஆளாத்தான் இருக்கேன்."

"அங்க எங்க ஆளு, இங்க அவுக ஆளு. நல்ல பொழப்புத்தான்" என்றாள் கித்தேரியம்மாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. வேலி போடப் போறாகன்னு அன்னைக்கே தெரியுமா?"

கஸ்பார் மப்ளரைச் சரிசெய்தார். "சொன்னா நீங்க எந்திரிச்சிருக்க மாட்டீங்கக்கா."

மிதித்தவனைக்கூட அவளால் மன்னிக்க முடிந்திருக்கும். மிதிபட்டவரே தங்கள் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் அடகு வைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

வண்டியை உருட்டிக்கொண்டுபோய் நடுரோட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள். பரீது ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. அவள் பக்கத்திலேயே ஸ்வெட்டரை விரித்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். டூரிஸ்ட் வண்டிகள் மலைச்சாலையில் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. போலீஸ்காரர் வழக்கம்போல, "சார், நீங்க பேசுங்க" என்று கஸ்பாரை முன்னால் தள்ளினார்.

"அக்கா" என்று ஆரம்பித்தார். அவள் சோளத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பரீதைக் கூப்பிட்டார். அவர் ஒரு ஸ்வெட்டரை உதறி மடித்தார். கஸ்பார் ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லிப் பார்த்தார்.

"ஒன்கிட்ட எங்களுக்குப் பேச்சு இல்ல. ஒங்க ஆபீசர வரச் சொல்லு" என்றாள் கடைசியில்.

அதிகாரி வந்தார். இதுவரை அந்தக் கரையில் காலாற நடந்தே அறியாத மனிதர், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். கஸ்பார் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது, கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

வேலி இன்னும் நிற்கிறது. அதற்கு முன்னால் கடைகளும் நிற்கின்றன. அதிகாரி தினமும் பேச வருகிறார், கஸ்பாரைக் கூட்டிவருவதில்லை.