மணத்தக்காளி பூக்கும்வரை

எண்பதுகளின் நடுவில் ஒக்லாந்து நகரின் ஒனிஹங்காப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வேலியோரம், ஒரு கோடைத் தொடக்கத்தில், சில செடிகள் தாமாக முளைத்தன. முதலில் கண்டவள் என் மனைவி. அப்போது அவளுக்குப் புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் கடுமையால் வாய் முழுவதும் புண். பாண் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாலும் பாதியில் கோப்பையைத் தள்ளிவிடுவாள்.

"இஞ்சாருங்கோ, இது மணத்தக்காளியெல்லே? வாய்ப்புண்ணுக்கு நல்லது. இதின்ர இலையில ஒரு சொதி வைச்சுத் தாங்கோவன்."

நான் இலங்கையில் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தவன். இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியன். இலையைக் கிள்ளி முகர்ந்தேன். மணத்தக்காளியாகவே தோன்றியது. ஆயினும், தோன்றுவதை வைத்துப் பெயரிடக் கூடாது என்பதே நான் மாணவருக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்த முதற்பாடம்.

வேலிக்கு அப்பால் வசித்த முதிய வெள்ளைக்காரப் பெண்மணி நான் குனிந்து நிற்பதைக் கண்டு பதறினார். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு, தொட்ட கையைக் கழுவுங்கள், என் தாய் கண்ட இடத்திலேயே பிடுங்கி எரித்துவிடுவார் என்றார். அவர் மனத்தில் இருந்த செடியை நான் அறிவேன். மணத்தக்காளிக்கு அது நெருங்கிய உறவு. கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை, ஊமத்தை எல்லாம் அதே குடும்பம்தான். உணவும் நஞ்சும் கூடப்பிறந்த குடும்பம்.

எங்கள் பாடநூல்களில் குடும்பத்துக்குக் கீழே சாதி, அதற்குக் கீழே இனம் என்று வரிசை இறங்கும். இலை மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ப உருமாறிவிடும். பூ அவ்வளவு எளிதில் மாறாது. ஆகவே பூவைப் பிரித்து, இதழையும் மகரந்தப்பையையும் பார்த்தே ஒரு செடியை அதன் கூட்டத்தில் சேர்ப்போம். எங்கள் செடிகளில் இன்னும் மொட்டுக்கூட இல்லை.

"பூக்கட்டும். பூவைப் பாத்திட்டுச் சமைப்பம்," என்றேன்.

"இதென்ன கலியாணப் பேச்சோ? எந்த ஊர், ஆர் பகுதி எண்டு நீங்கள் விசாரிச்சு முடிக்க நான் பட்டினியில போயிடுவன்."

"என்ர பகுதியை உம்மட வீட்டுக்காரர் விசாரிக்கேல்லையோ?"

"விசாரிச்சவை. புகையிலை யாவாரம் எண்டு சொன்னவை. அப்பவே யோசிச்சிருக்க வேணும்."

சிரித்ததில் உதடு வெடித்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன், உருப்பெருக்கிக் காட்டும் கைவில்லையுடன் வேலியடிக்குப் போவேன். மொட்டு வந்தது, ஆனால் விரியவில்லை. அவள் குசினி யன்னலில் நிற்பாள். "பொம்பிளை இன்னும் முகம் காட்டேல்லையோ?" என்று கேட்பாள். கேட்கும் குரல் நாளுக்கு நாள் மெலிந்துவந்தது. இலைகளைக் கிள்ளிச் சட்டியில் போட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொல்லும். அவள் வாய்க்குள் போகப்போவது என்பதால் மற்ற மனம் மறுத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பூத்தது. கொத்தாகச் சிறு வெள்ளைப் பூக்கள். பின்னோக்கி மடிந்த ஐந்து இதழ்கள். நடுவில் கூம்பாகச் சேர்ந்த மஞ்சள் மகரந்தப்பைகள். அண்டைவீட்டார் அஞ்சிய நச்சுச்செடியின் பூ மங்கிய ஊதா. மணிபோலத் தனியே தொங்கும். ஐயத்துக்கு இடமில்லை. அண்டைவீட்டாரைக் கூப்பிட்டு வில்லையைக் கொடுத்து வேறுபாட்டை விளக்கினேன். நெடுநேரம் பார்த்தார். எதற்கும் ஆம்புலன்சைக் கூப்பிட ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குருத்திலைகளை நன்றாக அவித்து, தண்ணீரை வடித்து, சமோவாக்காரர் கடையில் வாங்கிய தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலை விட்டுச் சொதி வைத்தேன். முதலில் நான் சாப்பிட்டுப் பொழுதுபடும்வரை காத்திருந்தேன்.

"நஞ்சு பாத்தனீங்களோ, இல்லாட்டிப் பசியில திண்டனீங்களோ?"

"ரெண்டும்."

"புளி விட்டனீங்களோ?"

"இல்லை. எரியுமெல்லே."

"அப்ப தாங்கோ."

மெல்ல மெல்லக் குடித்தாள். கோப்பையின் அடியைக் கரண்டியால் வழித்தாள். "உப்புக் காணாது," என்று கோப்பையை மறுபடி நீட்டினாள்.

வந்த குளிர்காலத்தில் அவள் இறந்தாள்.

அடுத்த கோடையில் பின்வளவுக்கு நான் போகவேயில்லை. புல் மண்டியது. வேலியோரத்தைத் துப்புரவாக்கித் தரட்டுமா என்று அண்டைவீட்டார் கேட்டார். தலையசைத்தேன். அவர் வேலை முடித்துத் தன் பக்கம் போய், வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டபோதுதான் வெளியே வந்தேன். களையெல்லாம் அள்ளப்பட்டு மண் கறுப்பாகக் கிடந்தது. நடுவில் சில இளஞ்செடிகள் மட்டும் தொடப்படாமல் நின்றன.

"இவை இன்னும் பூக்கவில்லை," என்றார் அவர். "பூத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்."

நான் உள்ளே போய்க் கைவில்லையை எடுத்துவந்து, வேலிக்கு மேலாக அவரிடம் கொடுத்தேன்.