ரோட்டைத் தாண்ட ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எந்த ஊரிலும் நான் நிலைத்து நின்றதில்லை. அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். குளத்தூரில் கிணறு தோண்டினேன். லாரியில் கிளீனராகப் பல தேசம் போனேன். அப்படிப்பட்டவனைக் கோர்ட்டு ஒரு மாநிலத்துக்குள் கட்டிப்போட்டது.

சந்தையில் ஒரு அடிதடி. அடித்தவர்களில் நானும் உண்டு. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு என்னை ஜெயிலுக்கு அனுப்பாமல் மூன்று வருட நன்னடத்தைப் பிணையில் விட்டது. மாதந்தோறும் புரொபேஷன் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். அனுமதி இல்லாமல் கேரளத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

வேறு ஊர்க்காரனுக்கு இது பெரிய காரியம் இல்லை. என் வீடு பாறசாலைக்குத் தெற்கே, எல்லை ஓரம். வீட்டுக்கு முன்னால் ஒரு ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. நான் டீ குடிக்கும் கடை அங்கே. முடி வெட்டும் கடை அங்கே. அதையெல்லாம் விட்டுவிடலாம். நான் கட்ட நினைத்திருந்த ஷீபாவின் வீடும் அங்கேதான்.

ஷீபா ஒரே மகள். அவள் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவளைக் கட்டுகிறவன் அந்த வீட்டில் வந்து தங்க வேண்டும். நான் சம்மதித்திருந்தேன். பிணை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. போன வருடம் ஒரு நாள் அவள் அப்பா தங்கையன் மாமா அவர் பக்கத்து ரோட்டோரம் நின்றார். நான் என் பக்கம் நின்றேன். நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது.

“கல்யாணக் கெட்டுக்கு ஒரு நாளு ஆபீசர்மாரு அனுமதி தருவினும் மாமா!” என்று கத்தினேன்.

“ஒரு நாளு மாப்பிள எனக்கு எதுக்குலே? மறுநாளு அவளுக்க அம்மையத் தூக்கி இருத்த ஒனக்க ஆபீசரா வருவாரு? கிறிஸ்மஸ் வரை பாப்பேன். பொறவு மார்த்தாண்டத்து மாப்பிள ஆலோசனையப் பேசி முடிச்சிருவேன் ஆக்கும்!”

பிணை முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஷீபா வாசலில் நின்று கண்ணைத் துடைப்பது இங்கிருந்தே தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சொல்லி அழுதேன். ஜெபத்தை நடத்தும் ரோசம்மாள் அக்கா, “கர்த்தாவே, இந்த மூணு வருஷ சட்டத்தச் சுருக்கும்” என்று உருகி ஜெபித்தார். சில வாரங்களில் செய்தி வந்தது. சிறிய வழக்குகளில் இந்தக் கண்காணிப்பு இனி ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம் என்று புதிய உத்தரவு!

எனக்கு அந்த ஒரு வருடம் ஏற்கெனவே முடிந்திருந்தது. எனக்கும் உண்டா என்று யாரிடமும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய பலாப்பழத்தைச் சுமந்துபோய் நன்றிக் காணிக்கையாக வைத்தேன். எழுந்து சாட்சியும் சொன்னேன். ஆராதனை முடிந்து பழம் ஏலம் போனது. திங்கட்கிழமை என் வழக்கை நடத்திய வக்கீல் அம்மாவிடம் போனேன்.

“அண்ணா, அது இனி தீர்ப்பு வாங்குறவங்களுக்காக்கும். முன்னமே வாங்கினவங்களப் பத்தி அதில ஒண்ணும் சொல்லல்ல” என்றார் அவர்.

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. “எலே, சக்கயத் திருப்பித் தருவினுமா?” என்று பலாப்பழத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ரோசம்மாள் அக்கா மட்டும் அசரவில்லை.

“நாம கேட்டத அவரு தந்தாரு மக்கா. சட்டத்தச் சுருக்கும்னுதானே கேட்டோம்? இவனுக்கும் சேத்துன்னு கேக்கல்லியே!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வெள்ளிக்கிழமை என் பெயர், வழக்கு நம்பர், எல்லாம் சொல்லி ஜெபித்தோம்.

வக்கீல் அம்மா மனு போட்டார். அரசு வக்கீல் எதிர்த்தார். “இன்னைக்கு அடிச்சவனுக்கு ஒரு வருஷம், நேத்து அடிச்சவனுக்கு மூணா?” என்று எங்கள் வக்கீல் கேட்டார். ஜட்ஜ் புரொபேஷன் அதிகாரியைப் பார்த்தார். அந்த மனிதரைக் கண்டாலே எனக்குப் பயம்.

“இவன் வராத மாசம் இல்ல சார். சாயங்காலம் ரோட்டோரம் வந்து நிப்பான். ஆனா தாண்ட மாட்டான். நானே பாத்திருக்கேன்” என்றார் அதிகாரி.

“என்ன அவசரம் உனக்கு?” என்று ஜட்ஜ் என்னிடம் கேட்டார்.

“பெண்ணு ரோட்டுக்கு அங்கோட்டாக்கும் சார்.”

கோர்ட்டே சிரித்தது. பழைய ஆட்களுக்கு உண்டு என்று உத்தரவில் இல்லை, கூடாது என்றும் இல்லை என்றார் ஜட்ஜ். பின்னால் வருகிறவனுக்குக் கிடைக்கும் இரக்கத்தை, இன்னும் பிணையில் கிடப்பவனுக்கு மறுப்பது சரியல்ல. பிணையை முன்கூட்டியே நீக்கச் சட்டம் தனக்கு அதிகாரம் தந்திருக்கிறது என்றும் சொன்னார். நீக்கிவிட்டார். ஸ்தோத்திரம்!

பஸ் இறங்கி நேராக ரோட்டைத் தாண்டினேன். தங்கையன் மாமா ஏற இறங்கப் பார்த்தார். “நிக்கிறது எதுக்கு? வாலே, அம்மையப் பிடிச்சு இருத்து” என்றார். கிறிஸ்மஸுக்கு முன்பே அவர்கள் சபையில் எங்கள் திருமணம் நடந்தது.

எங்கும் போகலாம் என்று விடுதலை கிடைத்தவன், ஒரு ரோட்டைத் தாண்டி அங்கேயே தங்கிவிட்டேன். லாரிக்காரர்கள் கூப்பிட்டால் மனம் வருவதில்லை. காலையில் மாமியைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்த பிறகே வேலைக்குப் போகிறேன்.

அன்பானவர்களே, இது உங்களுக்கு இல்லை என்று யாராவது சொன்னால் சோர்ந்துபோகாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் வெள்ளிக்கிழமை வாருங்கள். ரோட்டைத் தாண்டி நானும் ஷீபாவும் வருவோம். சேர்ந்து கேட்போம்.