இரண்டு நொடி ஓடும் இஞ்சின்

என் வீட்டுக்காரர் வேன் டிரைவர். அவரை யாராவது லிஃப்ட்மேன் என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மூன்று வருஷமாக ஓர் எட்டு மாடிக் கட்டிடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பொத்தான் அழுத்துகிறார் என்பது உண்மைதான். அதற்காக, இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன் டிரைவர் இல்லை என்று ஆகிவிடுமா?

அவருடைய வேன் எங்கள் வீட்டு முன்னால்தான் நிற்கிறது. உருண்டை விளக்கு, தட்டை மூஞ்சி, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. இப்போது அந்த மாதிரி வண்டி யாரும் செய்வதில்லை. சுற்றுலா போகிறவர்கள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார் என்றால் நாலு நாள், ஆறு நாள் கழித்துத்தான் திரும்பி வருவார். வந்து குளிப்பார், தூங்குவார், வேனைக் கழுவுவார், அடுத்த கூட்டத்தை ஏற்றப் போய்விடுவார். மகள் பிறந்தபோது வண்டியில் இருந்தார். அவள் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோதும் வண்டியில்தான் இருந்தார். மாவுக்கட்டோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள் நான். அப்போதெல்லாம் அந்த வேன் எங்கேயாவது படுத்துத் தொலையக் கூடாதா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் படுத்தே விட்டது. ஒரு மேட்டில் ஏறும்போது இஞ்சினில் விரிசல் விழுந்து எண்ணெயெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. அந்த இஞ்சினுக்குச் சாமான் எங்கேயும் கிடையாது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். வண்டியைக் கட்டி இழுத்துவந்து வாசலில் விட்டோம். அவர் ஒரு மாதம் பேசவே இல்லை. பிறகு எங்கள் மாப்பிள்ளை யாரையோ பிடித்து இந்த லிஃப்ட் வேலையை வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வருஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு டாண் என்று வீட்டுக்கு வந்துவிடுவார். கூடவே உட்கார்ந்து காய் நறுக்குவார். கண்ணில் தண்ணீர் கொட்ட வெங்காயம் உரித்துவிட்டு, "இந்த வேலையத்தான் இத்தன வருஷம் நீ தனியா பண்ணியா?" என்பார். ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குக் கல்யாணமான மாதிரியே இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் தேய்ந்துகொண்டே வந்தார். அதுவும் என் கண்ணில் படாமல் இல்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார். படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுத்தான் படுப்பார். கேட்டால், "புழுக்கமா இருக்கு" என்பார். மழை கொட்டுகிறபோதும் மனுஷனுக்குப் புழுக்கமாம். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

போன வருஷம் ஒருநாள் அவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையனுக்கு நாற்பது வயசு இருக்கும், ஆனாலும் என் வாயில் பையன் என்றுதான் வருகிறது. அவனுக்கு நான் வைத்த பெயர் 'ரெண்டு நிமிஷம்'. எதைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷம் என்பான். பழைய இஞ்சினை ரெண்டு நிமிஷத்தில் கழற்றுகிறேன் என்றவன் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான். பின்னால் இடிபட்டு நொறுங்கிய ஒரு புதுக் காரின் இஞ்சினை இந்த வேனில் வைப்பதுதான் அவர்களுடைய திட்டம். உடைசல் கடைக்காரன் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் கொண்டுவந்து இறக்கினான். கூடவே ஒரு கூடை வயர், இஞ்சினுக்கு மூளை என்று ஒரு தகரப் பெட்டி, கறுப்புத் தலை வைத்த ஒரு சாவி.

பிறகு ஏழு மாதம் என் வாசல் வாசலாக இல்லை. புது இஞ்சினை உட்காரவைக்கப் பழைய தாங்கிகளை அறுத்துப் புதிதாக வெல்டிங் வைத்தார்கள். வேனில் இஞ்சின் முன் இருக்கை இரண்டுக்கும் நடுவே ஒரு மூடிக்குள் இருக்கும். புதியது நாலு விரற்கடை உயரம் கூட, அதனால் மூடியையும் வெட்டி உயர்த்தினார்கள். இவர் ஆறு மணிக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். நான் டீயைக் கொண்டுபோய்க் கால் பக்கம் வைத்துவிட்டு வருவேன். காலோடுதான் பேச்சுவார்த்தை.

சாவி போடுகிற பூட்டு மட்டும் பழையதே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பழைய சாவியைத் திருகினால்தான் அவருக்கு வண்டி எடுத்த மாதிரி இருக்குமாம். புதுச் சாவி தரையில் கிடந்தது. நான் எடுத்து, "இத என்ன பண்ண?" என்று கேட்டேன்.

"அது எந்தப் பூட்டுக்கும் ஆகாது. தூக்கிப் போடு" என்றார்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சாவி என்றால் பூட்டைத் திறக்கத்தான் என்பது அவர் கணக்கு. மெக்கானிக்கும் ஆமாம் என்று தலையாட்டினான். எனக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது. சட்டைப் பொத்தான் போட்டுவைக்கிற டப்பாவில் அதையும் போட்டுவைத்தேன்.

எல்லாம் பூட்டி முடித்து முதல் தடவை ஸ்டார்ட் செய்தார்கள். ஒரே திருகில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் வாய் திறந்து சிரிப்பதற்குள் இஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி திருகினார். ஒன்று, இரண்டு, நின்றது. அன்று நாற்பது தடவையாவது திருகியிருப்பார். ஒவ்வொரு தடவையும் சரியாக இரண்டு நொடி. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். வயரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். தலைகீழாக நின்றும் மூன்றாவது நொடி வரவில்லை.

இதற்கு நடுவில் வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இஞ்சின் மாற்ற அனுமதி கொடுத்தவர்கள்தான் அவர்கள். மாதக் கடைசிக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டி நம்பரைப் பதிவிலிருந்து அடித்துவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். நம்பரை அடித்துவிட்டால் வேன் வெறும் இரும்பு. இவர் கை கால் ஓய்கிறவரை லிஃப்டில் உட்கார வேண்டியதுதான்.

அடுத்த வாரம் இவர் வேலைக்குப் போன நேரத்தில் மெக்கானிக் அரக்கப் பரக்க ஓடிவந்தான்.

"அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! இஞ்சின்ல ஒரு தப்பும் இல்ல. அதோட சொந்தச் சாவி வேணுமாம். சாவித் தலைக்குள்ள பொட்டு மாதிரி ஒரு சில்லு இருக்காம். அது பக்கத்துல இருந்தாதான் அந்த மூளைப் பெட்டி ஓட விடுமாம். இல்லன்னா திருட்டுப் பயன்னு நெனச்சு ரெண்டு செகண்ட்ல நிறுத்திடுமாம். அன்னிக்குக் கெடந்துச்சே ஒரு சாவி, பாத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே தூக்கிப் போடச் சொன்னீங்க" என்றேன்.

எப்படி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. மூளைப் பெட்டியில் இருப்பதை அழித்து வேறு சாவிக்கு எழுதலாமாம், ஆனால் அதைச் செய்கிற ஆள் வெளியூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகுமாம். ஒரு மாதமா? கையில் இருந்தது மூன்று வாரம். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு போனான். நான் உள்ளே போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பொத்தான்களுக்கு நடுவில் கறுப்பாகக் கிடந்தது. மூடிவைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் இவர் குப்பை போடுகிற இடத்துக்குப் போய்க் குச்சியால் கிளறினார். ஏழு மாதக் குப்பை அங்கேயேவா இருக்கும்? இருட்டுகிறவரை கிளறிவிட்டு வந்து, "என் தப்புதான். நான்தானே தூக்கிப் போடச் சொன்னேன்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. வேன் ஓடினால் இவர் போய்விடுவார். மறுபடி அந்த நாலு சுவரும் நானும்தான். பத்தொன்பது நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். தினமும் அவருக்குச் சோறு போட்டேன், தினமும் முகத்தைப் பார்த்துப் பேசினேன். நானும் ஒரு பொம்பளையா என்று எனக்கே இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். மத்தியானம் எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் கட்டிடத்துக்குள் நான் போனதே அன்றுதான்.

லிஃப்ட் திறந்தது. நீலச் சட்டை, தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "மேல போயிட்டு வரும்போது வாங்கிக்கிறேன், ஏறு" என்றார். கோப்புக் கட்டோடு ஒருவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மா, இன்னும் நாலைந்து பேர் ஏறினார்கள். ஒருவர்கூட இவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆறு." "எட்டு." அவ்வளவுதான் பேச்சு. இவரைப் பொத்தானோடு சேர்த்துச் சுவரில் பதித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஐந்தாவது மாடி தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மூலையில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

"பயப்படாதீங்க. மணி அடிச்சிருக்கேன். இப்ப வந்துடும்" என்றார் இவர். குரல் கணீரென்று இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்போதுதான் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது, வியர்வையில் வழுக்கியது. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன பண்ணுது?" என்று காதோடு கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. கதவு தெறக்கற வரைக்கும் இப்படித்தான்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. கதவு மூடினாலே மூச்சு முட்டும். நின்னுட்டா இங்கயே செத்துடுவேன்னு தோணும்."

"பாவி மனுஷா, ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவ. விட்டுட்டு எங்க போறது? வண்டி ஓடிட்டா சரியாப்போயிடும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல."

புழுக்கம், புழுக்கம் என்று மூன்று வருஷம் இந்த மனுஷன் சொன்னதெல்லாம் இதைத்தானா?

"சாவி என்கிட்டதான் இருக்கு. பொத்தான் டப்பாவுல. மெக்கானிக் வந்து கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றேன்.

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். என் குரலுக்கு எப்போது மெதுவாக வரத் தெரிந்திருக்கிறது? கோப்புக்காரர் துள்ளித் திரும்பி, "சாவி இருக்கா? இருந்தா தெறங்கம்மா சீக்கிரம்!" என்றார்.

"இது வேற சாவி சார், நீங்க சும்மா இருங்க!" என்றேன்.

என் மணிக்கட்டிலிருந்து கை விலகியது. அவர் நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ள என்னைத் தேடவும் இல்லை. சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அந்த இருட்டில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கரண்ட் வந்தது. ஆறாவது மாடியில் கதவு திறந்ததும், "ஆறு. இறங்கறவங்க இறங்குங்க" என்றார், எல்லோரையும் பார்த்து. நானும் இறங்கினேன். ஆறு மாடியும் படியிலேயே நடந்து கீழே வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பா இன்னும் என் கையிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

சாயங்காலம் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாவியை வாசல்படியில் வைத்திருந்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொண்டான். காரிலிருந்து வந்த வயர்களின் நுனியில் சாவிச் சில்லைப் படிக்கிற ஒரு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது, அதோடு சாவியைச் சேர்த்து வைத்து டேப் சுற்றினான். இந்த வேலை மட்டும் நிஜமாகவே ரெண்டு நிமிஷத்தில் முடிந்தது. இவர் பழைய சாவியைத் திருகினார். இஞ்சின் பிடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்துவரை எண்ணிவிட்டு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பழைய இஞ்சின் தெருவையே எழுப்பும். இது பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

மெக்கானிக் கை கழுவப் பின்பக்கம் போனான். நான் டிரைவர் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"ஏன்?" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க தினமும் வீட்டுக்கு வர்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. வண்டி ஓடினா போயிடுவீங்களேன்னுதான்" என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் வீட்டுக்கு வரல. அந்தப் பெட்டிக்குள்ளேர்ந்து வெளிய வந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கா பேசத் தெரியாது? மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். வெங்காயம் உரித்த அந்த மூன்று வருஷத்தில் எந்தச் சாயங்காலத்தை நான் என்னுடையது என்று வைத்துக்கொள்வது? நின்ற இடத்திலேயே தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

"கேட்டைத் தெற" என்றார்.

திறந்துவிட்டேன்.